தகப்பனும் தகப்பன் சர்க்காரும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் பெருமுக்கல் மலை இருக்கிறது. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதாதேவி லவ குசர்களை ஈன்றது அம்மலைக் குகையில்தான் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அக்கதையில் தகப்பன் ஸ்தானத்துக்கு இருவர் உளர். பெற்றவர் அயோத்தியில் அரசாண்டார். வளர்த்தவர் வான்மீகி முனிவர். ஊரார் பேச்சுக்குச் செவிசாய்த்துக் குடிகளுக்குத் தகப்பனாக நின்ற மன்னர், தம் மக்களுக்குத் தகப்பனாக இருக்க இயலாமற்போயிற்று. தகப்பன் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

ஆங்கிலம் இப்பொருள்களைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெற்றவர் இன்னார் என்ற உண்மை 'பேட்டர்னிட்டி'. அது கோர்ட்டில் ருஜுப்படுத்தக்கூடிய சங்கதி. தகப்பன்வழிச் சொத்து 'பேட்ரிமனி'. தகப்பனுக்குரிய பரிவு 'ஃபாதர்லி'. பெறாதவரும் அதற்கு உரியவராகலாம் என்பதற்கு வான்மீகியே சாட்சி. பிறரை ஆதரிக்கும் பிரபு 'பேட்ரன்'. தந்தையர் நாட்டை நேசிப்பவன் 'பேட்ரியட்'. நாம் வழங்கும் 'பிதா' என்ற வடசொல்லுக்கு உடன்பிறப்பான லத்தீன் 'பாதெர்' என்பதன் குடும்பத்தைச் சேர்ந்த சொற்களே இவற்றுட் பல. போர்த்துகீசியர் வாயிலாக அது 'பாதிரி' என்று தமிழிலும் குடியேறி வெகுகாலமாயிற்று.

அக்குடும்பத்தில் பிந்திப் பிறந்த பிள்ளை 'பேட்டர்னலிசம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த சொல் இது. ஒருவனுக்கு நன்மை எது என்பதை அவனைக் கேளாமலே தீர்மானித்து, அந்நன்மையின் பெயரால் அவன்மீது செலுத்தும் அதிகாரம் என்பது இதன் பொருள். சொல் பிறக்குமுன்பே பொருளைக் கண்டு எச்சரித்தவர் ஜெர்மானிய ஞானி காண்ட். குடிகளை வயதடையாத குழந்தைகளாகப் பாவிக்கும் தகப்பன் ஆட்சியே கொடுங்கோன்மைகளுள் பெரியது என்று அவர் 1793இல் எழுதினார்.

இவ்வாட்சியை நம் நாடு நன்கறியும். சர்க்காரே தாய் தகப்பன் என்று ஜனங்கள் கைகூப்பி நிற்பதையே வெள்ளை அதிகாரிகள் தங்கள் பெருமையாக எண்ணினர். 1919ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் முகவுரையைப் பாருங்கள். இந்தியர் எப்பொழுது, எவ்விதம் முன்னேறலாம் என்பதைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டே நிர்ணயிக்கும் என்று அது கூறிற்று. பிள்ளை வயதுக்கு வரும் நாளைத் தகப்பனே குறிப்பானாம்!

1947இல் அத்தகப்பன் கப்பலேறினான்; அவன் மனப்பான்மை ஏறவில்லை. 1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் தானே பிரதிநிதி என்று மத்திய சர்க்கார் சட்டம் இயற்றிக்கொண்டது. பெரிய அமெரிக்கக் கம்பெனியை எதிர்த்து ஏழைகள் தனித்து வழக்காட இயலாதாகலின் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 300 கோடி டாலருக்கு மேல் கோரிய வழக்கு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு ராஜியாக முடிந்தது. பாதிக்கப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தேசத்தின் தாய் தந்தை எனப் பொருள்படும் 'பேரன்ஸ் பேட்ரியே' என்ற லத்தீன் கோட்பாடு அதற்கு ஆதாரமாயிற்று.

பரிவு எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே தொடங்குகிறது? இதற்கு விடை நம் மொழியிலேயே இருக்கிறது. எந்தை என்றால் என் தகப்பன். நுந்தை உன் தகப்பன். தந்தை அவன் தகப்பன். பிள்ளையைச் சுட்டாமல் பழந்தமிழர் இச்சொற்களுள் ஒன்றையும் சொல்லவில்லை. தந்தைமை பிள்ளைக்கு உரியது. பிள்ளை தந்தையின் உடைமை அன்று. பிள்ளையைச் சபையில் முந்தியிருக்கச் செய்வதையே தந்தையின் கடமையாக வள்ளுவரும் வைத்தார். வாய்பொத்தி நிறுத்துவதை அல்ல. இந்நாட்டுச் சட்டத்திலும் 18 வயது நிறைந்தவுடன் தகப்பனின் கார்டியன் அதிகாரம் தீர்ந்துபோகிறது.

ஆகவே, எவரேனும் நமக்குத் தகப்பனாக வந்து நிற்பாராயின் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: 'ஐயா, எங்களுக்கு வயது வருவது என்றைக்கு?' நாள் குறிப்பவர் தகப்பன். நாள் குறிக்க மறுப்பவர் எஜமானன்.