எழுத்து போடும்போது காது என்ன கற்றுக்கொள்கிறது?

"எழுத்து போட்டுட்டானா?" என்று கேட்டுக்கொண்டே தியேட்டருக்குள் ஓடிய தலைமுறை நாம். இப்போது ஓடிடியில் அதைத் தாண்டிப் போக ஒரு பட்டனே வைத்துவிட்டார்கள். வெறும் பெயர்கள்தானே, என்ன போச்சு? ஹிட்ச்காக்கின் இரண்டு படங்களைப் பார்த்தால், நிறையவே போகிறது.

முதலில் வெர்டிகோ (1958). டைட்டில் வடிவமைப்பு சால் பாஸ், இசை பெர்னார்ட் ஹெர்மன். ஒரு பெண்ணின் முகம், உதடு, கண். திரை சிவக்கிறது. கண்ணுக்குள்ளிருந்து படத்தின் பெயர் வெளியே வருகிறது. பிறகு கறுப்புப் பின்னணியில், நிறம் மாறி மாறிச் சுருள்கள் சுழன்றபடி வருகின்றன. இவற்றை உருவாக்க பாஸுடன் வேலை செய்தவர், கணினி வரைகலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் விட்னி. ஆசிலோஸ்கோப்பில் லிசாஜு வளைவு பார்த்தவர்களுக்கு இது தெரிந்த குடும்பம்தான்: எக்ஸ் அச்சில் ஒரு அலை, ஒய் அச்சில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு உருவம். (நாம் அதை ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிட்டோம்.)

இசையைக் கவனியுங்கள். முணுமுணுக்க அதில் மெட்டே கிடையாது. ஒரு ஸ்வரக் கோர்வை கீழே இறங்க, அதே நேரத்தில் இன்னொன்று கண்ணாடிப் பிம்பம்போல் மேலே ஏறுகிறது. ஆரோகணமும் அவரோகணமும் ஒன்றாக ஒலித்தால் எப்படியிருக்கும்? எங்கேயும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் கிடைப்பது ஒரே சுருள். பிற்பாடு கிம் நோவாக்கின் கொண்டையிலும் மணிக்கோபுரப் படிக்கட்டிலும் அது திரும்ப வரும்போது யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது சைக்கோ (1960). அதே பாஸ், அதே ஹெர்மன். ஆனால் இங்கே வளைவே இல்லை, எல்லாம் நேர்கோடு. குறுக்கும் நெடுக்கும் கோடுகள் பாய்கின்றன. பெயர்கள் துண்டாகி, ஒட்டி, மறுபடி சிதறுகின்றன. இசைக்குழுவில் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான், குழலோ முரசோ கிடையாது. வயலின் வில் வெட்டி வெட்டிப் போகிறது.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பது. மரியன் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் போகிறாள். திரையில் அவள் முகம், சாலை, இரவு, மழை. அவ்வளவுதான். அங்கே டைட்டிலில் கேட்ட அதே இசை திரும்ப வருகிறது. டைட்டிலைத் தாண்டி வந்தவருக்கு அது புது இசை. உட்கார்ந்து பார்த்தவருக்கோ பெயர்களைத் துண்டு போட்ட இசை. அதனால்தான் கத்தி வருவதற்கு வெகுமுன்னரே வயிற்றைப் பிசைகிறது. பணத்தோடு ஓடுபவள் போலீசில் மாட்டுவாளா என்று கதை நம்மை யோசிக்கவைக்கிற நேரத்தில், காதுக்கு வேறு ஏதோ தெரிந்திருக்கிறது.

சந்தேகமிருந்தால் அந்தக் கார் காட்சியை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், மழை பெய்கிறது, வைப்பர் ஆடுகிறது.