மூன்று மூலைகளில் ஒரு கோட்டை

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானில் வந்திறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியே பண்ணைப் பாலத்தைக் கடந்து வருவோரை எதிர்கொள்வது யாழ்ப்பாணக் கோட்டை. 1658இல் போர்த்துக்கீசரை வென்ற ஒல்லாந்தர், பின்னர் அதனை ஐங்கோண வடிவில் எழுப்பினர், மூலைக்கொரு கொத்தளம். 1990ஆம் ஆண்டு முற்றுகையில் அது பெரிதும் சிதைந்ததை நாம் அறிவோம். மூன்று கொத்தளங்களின் முனைகள் மட்டுமே எஞ்சியிருந்தால், அஃது ஐங்கோணமென்று பின்வருவோர் எங்ஙனம் காண்பர்?

2010இல் நடந்த கோட்போர்சஸ் நிரலாக்கப் போட்டியின் முதற் சுற்றில் இதையொத்த வினா வந்தது. பழைய சர்க்கஸ் அரங்கொன்றின் மூன்று தூண்களே கிடைத்தன. அரங்கோ ஒழுங்கான பல்கோணி; அதன் மிகச் சிறிய பரப்பு யாது? ஒரே வட்டத்துள் பக்கங்கள் குறையப் பரப்பும் குறையும். எனவே, பொருந்தக்கூடிய மிகக் குறைந்த பக்க எண்ணிக்கையே தேவை.

வட்டத்தின் மையத்தில் ஒரு வில் அமைக்கும் கோணத்தில் பாதியே பரிதியில் அமையும் என்பது நம் மாணவர் அறிந்த தேற்றம். ஐங்கோணியின் ஒரு பக்கம் மையத்தில் 72 பாகையும் பரிதியில் 36 பாகையும் அமைக்கும். எந்த மூன்று மூலைகளை இணைத்தாலும் கோணங்கள் 36, 36, 108. அல்லது 36, 72, 72. இவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 36. 180ஐ அதனால் வகுத்தால் 5! அறுகோணியாயின் ஏமாறவும் கூடும். ஒன்றுவிட்டொரு மூலையாக மூன்று எஞ்சினால் ஒவ்வொரு கோணமும் 60. விடை முக்கோணி என்றே வரும். ஐந்து பகா எண்ணாதலால் நம் கோட்டைக்கு அந்த ஆபத்தில்லை.

கணினிக்கு வேறோர் ஆபத்துண்டு. தூண்களின் இடைத்தூரங்களிலிருந்து அது கணிக்கும் கோணங்கள் 36, 108 என வாராமல் 36.000001, 107.999999 என வரலாம். யூக்கிளிட்டின் முறைப்படி மீதி சுழியாகும்வரை வகுத்துக்கொண்டே போனால், பொதுக் காரணி 0.000001 ஆகிவிடும். பிறகென்ன, நம் கோட்டைக்குப் பதினெட்டுக் கோடி மூலைகள்! ஒரு வரி நிரல் செய்யும் கூத்து இது. ஆதலால் மிகச் சிறிய மீதியைச் சுழியெனவே கொள்ள வேண்டும். எவ்வளவு சிறியதை? அப்போட்டியில் பக்கங்கள் 100ஐத் தாண்டா என்று சொல்லப்பட்டிருந்தது. பொதுக் கோணம் 1.8 பாகைக்குக் குறையாது. நூறிலொரு பாகையை அஞ்சாது தள்ளிவிடலாம்.

வேறொரு கோட்டையின் மூன்று முனைகளை இணைத்தபோது 22.5, 45, 112.5 பாகைகள் கிடைத்தனவெனக் கொள்வோம். அதற்குக் குறைந்தது எத்தனை மூலைகள் என்பதை மாணவர் இன்று மாலைக்குள் கண்டு, வீட்டிலுள்ள பெரியோருக்கு விளக்கட்டும்.