உடல் எடையும் ஊசிமருந்தும்



பசியும் பஞ்சமும் நம் முன்னோரை வாட்டிய காலம் ஒன்று இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பீடித்த தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்பஞ்சம் கண்ட அதே நாட்டில் இன்று வேறொரு நிலைமை தோன்றியிருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய உடல் எடை உடையவர்கள். அதே கணக்கெடுப்பு, பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள் என்றும் கூறுகிறது. எடை கூடியிருக்கிறது; ஊட்டம் கூடவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவை நமக்குப் பயன்படும்.

அளவுக்கு மிஞ்சிய எடை என்பதை எவ்வாறு அறிவது? ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் கண்டு, அதை அவருடைய உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரம் மீட்டரில் இருத்தல் வேண்டும். 1.6 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு இக்குறியெண் 25 என வரும். மேற்சொன்ன கணக்கெடுப்பு 25ஐயும் அதற்கு மேற்பட்டதையுமே மிகை எடை என்று கொண்டது. இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு மிகுதி. ஆகையால் நம் நாட்டு மருத்துவர்கள் 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை செய்கிறார்கள். மிகை எடை வெறும் தோற்றக் குறை அன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய், மூட்டுத் தேய்வு முதலியவற்றுக்கு அது வாயிலாக அமைகிறது.

இந்நிலையில்தான் எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகள் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. 2025 மார்ச் மாதத்தில் எலை லில்லி நிறுவனத்தின் மௌஞ்சாரோவும், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் வெகோவியும் விற்பனைக்கு வந்தன. முன்னதில் உள்ள மருந்துப் பொருள் டிர்செபடைடு. பின்னதில் உள்ளது செமாகுளுடைடு. சென்னை, மதுரை போன்ற நகரங்களில் மட்டுமன்றி, எங்கள் நத்தம் போன்ற சிற்றூர்களிலும் இவற்றைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. சிலர் இவற்றை அமிழ்தம் என்கிறார்கள். சிலர் நஞ்சு என்கிறார்கள். கற்றவர் கடமை, இரு சாராருக்கும் தலையசைப்பது அன்று. தராசைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதே.

முதலில் இம்மருந்து வேலை செய்யும் முறையை அறிவோம். நாம் உணவு உண்டதும் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பையிலிருந்து உணவு மெல்ல இறங்குமாறு செய்கிறது. மூளைக்குப் ‘போதும்’ என்ற செய்தியை அனுப்புகிறது. ஆனால் இயற்கையாகச் சுரக்கும் இந்த ஹார்மோன் சில நிமிடங்களில் அழிந்துவிடும். 1992ஆம் ஆண்டில் ஜான் எங் என்னும் அமெரிக்க மருத்துவர், ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், இதைப் போலவே செயற்படுவதும் விரைவில் அழியாததுமான ஒரு பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். அதன் வழியே 2005இல் நீரிழிவுக்கு ஒரு மருந்து வந்தது. அந்த ஆராய்ச்சிப் பாதையில் பின்னர் வந்தவையே இன்றைய ஊசிமருந்துகள். இவை உடலில் பல நாள் நிலைத்திருப்பதால் வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட்டுக்கொண்டால் போதும். நீரிழிவுக்கென்று கொடுத்தபோது எடையும் குறைவதைக் கண்டே, எடைக்கென்றும் இவற்றை ஆராய்ந்தார்கள்.

இனி, தராசின் ஒரு தட்டில் நன்மையை இடுவோம். 2021இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்குச் செமாகுளுடைடும், மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போடப்பட்டன. 68 வாரங்களுக்குப் பின்னர், மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 விழுக்காடே குறைந்தது. டிர்செபடைடைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான ஆராய்ச்சியில், மிகுந்த அளவு பெற்றவர்களின் எடை 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைந்தது. நூறு கிலோ எடையுள்ளவர் எண்பது கிலோவுக்குக் கீழே இறங்கினார் என்றால், அது முன்னாளில் அறுவை மருத்துவத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

எடைக்கு அப்பாலும் நன்மை உண்டு. ஏற்கெனவே இதய நோயோ இரத்தக்குழாய் நோயோ உடைய 17,604 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் நேரும் மரணம் ஆகியவை 20 விழுக்காடு குறைந்தன. இங்கே ஒரு கணிதப் பாடம் இருக்கிறது. இருபது விழுக்காடு என்றதும் நூறு பேரில் இருபது பேர் பிழைத்தார்கள் என்று கொள்ளக் கூடாது. வெற்று ஊசி பெற்ற நூறு பேரில் 8 பேருக்கு நேர்ந்த தீங்கு, மருந்து பெற்ற நூறு பேரில் 6.5 பேருக்கு நேர்ந்தது. எட்டு ஆறரையாகக் குறைந்ததே அந்த இருபது விழுக்காடு. ஆயிரம் பேருக்குப் பதினைந்து பேர் வீதம் காக்கப்பட்டார்கள். அது சிறிய நன்மை அன்று. ஆனால் விளம்பரத்தில் காணும் எண்ணுக்கும் வாழ்க்கையில் காணும் எண்ணுக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மற்றத் தட்டில் தீங்குகளை இடுவோம். எடை குறைக்கும் மருந்துகளின் பழைய வரலாறு நம்மை எச்சரிக்கிறது. 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்னும் பொருளை மெலிவதற்காக உண்டவர்களில் சிலர் கண்புரையால் பார்வை குன்றினார்கள்; சிலர் உயிரிழந்தார்கள். 1997இல் ஃபென்ஃபுளூரமின் என்னும் மருந்து இதய வால்வுகளைக் கெடுப்பது கண்டு விலக்கப்பட்டது. 2010இல் சிபுட்ராமின் என்னும் மருந்து, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்ததால் பல நாடுகளில் நிறுத்தப்பட்டது. புதிய ஊசிமருந்துகள் அவற்றைக் காட்டிலும் நன்கு ஆராயப்பட்டவை. எனினும் குற்றமற்றவை அல்ல.

மிகப் பலருக்கு நேர்வது குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை. முன்சொன்ன 2021ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு 44 பேர் குமட்டலால் வருந்தினார்கள். இது காரணமாகவே மருந்தைச் சிற்றளவில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை படிப்படியாக உயர்த்துகிறார்கள். வாந்தியும் பேதியும் மிகுந்தால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் இது அற்பமான ஆபத்து அன்று. சிலருக்குப் பித்தப்பையில் கற்கள் உண்டாகின்றன. அரிதாகக் கணையம் அழற்சியுறுகிறது. செமாகுளுடைடு பெறுவோரில் பதினாயிரத்தில் ஒருவர் வரை கண் நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் அறிவித்தது. தைராய்டுப் புற்றுநோயுள் மெடுல்லரி என்னும் ஒரு வகை குடும்பத்தில் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும் இம்மருந்துகளைத் தொடலாகாது.

நம் நாட்டவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய தீங்கு ஒன்று உண்டு. இம்மருந்தால் கரைவது கொழுப்பு மட்டும் அன்று; தசையும் கரைகிறது. குறையும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத பகுதி என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பருப்பும் பயறும் முட்டையும் குறைவாகவும், சோறு மிகுதியாகவும் உண்ணும் நம் வீடுகளில், பசியும் அடங்கிவிட்டால் உடல் எதைக்கொண்டு தசையைக் காக்கும்? பாதிப் பெண்களுக்கு இரத்தச்சோகை உள்ள நாட்டில், உண்ணும் சிறிதளவு உணவு சத்துள்ளதாக இல்லாவிட்டால், மெலிவு ஒரு நோய்க்கு விடை கொடுத்து மற்றொரு நோய்க்கு வரவேற்புக் கூறும்.

இனி விலையைப் பார்ப்போம். மௌஞ்சாரோ 2025இல் விற்பனைக்கு வந்தபோது, 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒரு குப்பி வீதம் ஆண்டுக்கு 52 குப்பிகள். ஆகமொத்தம் 2,27,500 ரூபாய். அதே நிதியாண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 336 ரூபாய். அக்கூலியில் கணக்கிட்டால் ஓராண்டு மருந்துக்கு 677 நாள் உழைக்க வேண்டும். ஆண்டுக்கு இருப்பதோ 365 நாள்கள். மாந்தோப்பில் காய் பறிப்பவருக்கும், ஆயத்த ஆடைக் கூடத்தில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கும் இந்த எண் சொல்லும் பொருள் தெளிவானது.

விலை என்றும் இவ்வாறே நிற்பதில்லை. வெகோவியின் விலை 2025 நவம்பரில் 37 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது. தொடக்க அளவுக்கு மாதம் 17,345 ரூபாயாக இருந்தது 10,850 ரூபாயாயிற்று. இந்தியாவில் செமாகுளுடைடின் காப்புரிமைக்குக் கெடு 2026 மார்ச் மாதம். கெடு கடந்தால் பிற நிறுவனங்களும் அம்மருந்தைச் செய்து விற்கச் சட்டம் இடந்தருகிறது; போட்டி மிகுந்தால் விலை இறங்குதல் இயல்பு. நாம் கணக்கிட்ட தொகை பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் ஆண்டுக்கு 22,750 ரூபாய் ஆகும்; அது 68 நாள் கூலி. இதனோடு மருத்துவரைக் காணும் செலவு, இரத்தச் சோதனை, மருந்தை 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரில் வைத்திருக்கும் பெட்டி ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மறுபக்கம், மருந்து இன்றி நோய் முற்றினால் வரும் செலவையும் மறைத்தல் முறையன்று. சிறுநீரகம் பழுதுபட்டு வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்தவர்கள், மருத்துவத்தை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

நன்மை, தீங்கு, விலை ஆகிய மூன்றையும் நிறுத்தாயிற்று. ஆனால் தராசின் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது நான்காவது ஒன்று, அது காலம். ஊசியை நிறுத்தினால் என்ன நேரும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். செமாகுளுடைடால் எடை குறைந்தவர்கள் அதை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு திரும்புவது போன்றதே இது. ஆகவே, “மூன்று மாதம் போட்டுக்கொண்டு விட்டுவிடலாம்” என்று எண்ணுபவர் பணத்தையும் இழந்து எடையையும் திரும்பப் பெறுவார். இம்மருந்தை நாடுபவர் ஒரு மாதத்துக்கு என்ன விலை என்று கேட்டால் போதாது. பல ஆண்டுகள் வாங்க இயலுமா, பல ஆண்டுகள் உடல் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். மிகுந்த பருமனோடு நீரிழிவும் இதய நோயும் உடையவர்க்கு, மருத்துவர் மேற்பார்வையில் இம்மருந்து பெருந்துணை. 2025இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இத்தகைய மருந்துகளைச் சேர்த்தது, நீரிழிவோடு இதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்களைக் கருதியே. திருமணத்துக்கு முன் நாலைந்து கிலோ மெலிய விரும்புபவருக்கும், நிழற்படத்தில் ஒல்லியாகத் தோன்ற விரும்பும் மாணவருக்கும் அதே தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. அவர்கள் பெறும் நன்மை சிறிது. ஏற்கும் தீங்கோ நோயாளி ஏற்பதற்குக் குறைந்தது அன்று. மருத்துவர் சீட்டின்றி இதை வாங்குதல் சட்டத்துக்குப் புறம்பு. போலி ஊசிகள் உலவுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில் எச்சரித்ததையும் மறவாதீர்கள்.

தாய் தந்தையர்க்கு இம்மருந்து எழுதித் தரப்பட்டால், நீங்களே தாளும் எழுதுகோலும் எடுத்து ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மருத்துவரிடம், “எவ்வளவு காலத்துக்கு? நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது? தசையைக் காக்க என்ன உண்பது?” என்று தயங்காமல் கேளுங்கள். எடை மிகுந்த தோழரைக் கேலி செய்யாதீர்கள். பருமன் சோம்பலின் அடையாளம் அன்று, உடலின் சுரப்புகளோடு தொடர்புடைய நோய் என்பதை இம்மருந்துகளின் வரலாறே மெய்ப்பித்திருக்கிறது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என்ற நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறார். விலை கொடுத்தால் கடையில் கிடைப்பது அந்நான்கில் ஒன்று மட்டுமே. எஞ்சிய மூன்றும் வீட்டிலும் ஊரிலும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அந்த ஒன்றை வாங்கப் புறப்பட வேண்டும்.