பால் வண்டி போட்ட கோடு! எல்.எல்.ஆர். எழுதப் போகிறவர்களே, இதெல்லாம் தெரியுமா?

சாலை நடுவே ஓடுகிறதே வெள்ளைக் கோடு, அதற்கு யோசனை கொடுத்தது ஓர் ஒழுகும் பால் வண்டி என்று தெரியுமா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் கவுண்டியில் சாலைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் ஹைன்ஸ். முன்னால் போன வண்டியிலிருந்து பால் சொட்டிச் சொட்டி, தரையில் நீளக் கோடாக விழுந்துகொண்டே போனதைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். 1911-ல் அங்கே ஒரு சாலையின் நடுவே கோடு வந்தது. 1917-ல் கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரால் என்ற பெண் டாக்டர், எதிரே வந்த லாரி தன் காரைச் சாலையை விட்டே இறக்கிவிட, அதிர்ச்சியில் தன் வீட்டுப் பக்கச் சாலையில் தானே கோடு போட்டார். இன்று நாம் மிதித்துக்கொண்டு போகும் கோட்டுக்குப் பின்னால் ஒரு பால் வண்டியும் உயிர் தப்பிய ஒரு டாக்டரும் இருக்கிறார்கள்!

போன மாதம் என் அண்ணன் மகள் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதைகளை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அவள் ஃபோனில் கேள்வியும் பதிலுமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை, அறுபது சதவீதம் சரியா இருந்தா பாஸாம், ஒரு ராத்திரி போதும்" என்றாள். மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்பது 60 சதவீதம்தான், உண்மை. ஆனால் எந்தக் கேள்வியைத் தட்டினாலும் உள்ளே ஓர் ஆச்சரியம் உட்கார்ந்திருக்கிறது! காரணம் தெரிந்துவிட்டால் பதில் மறக்கவே மறக்காது.

வெள்ளைக் கோலுடன் ஒருவர் சாலையைக் கடந்தால் என்ன செய்ய வேண்டும்? கேள்வித்தாளில் தவறாமல் எட்டிப் பார்க்கும் கேள்வி. அந்தக் கோலையே 'நில்' பலகையாக எண்ணி வண்டியை நிறுத்த வேண்டும் என்பது பதில். அது ஏன் வெள்ளை நிறம், தெரியுமா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தில் பார்வை இழந்தார். வீட்டைச் சுற்றி வண்டிகள் பறக்க, தான் வருவது ஓட்டுகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமே என்று 1921-ல் தன் கைத்தடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். பார்வையற்ற ஒருவர் பார்வை உள்ளவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது!

ஆளில்லா ரயில்வே கேட்டில்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு வண்டியை நிறுத்தச் சொல்வதோடு விடுவதில்லை. நடத்துநரோ உதவியாளரோ இறங்கி நடந்து போய், இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். வண்டியில் வேறு யாரும் இல்லையென்றால் ஓட்டுகிறவரே இறங்க வேண்டும்! அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்வி பாடத்தில் இருக்க வேண்டியதுதான்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று கொல்லிமலை ஏறியவர்களைக் கேளுங்கள். 'நில்' பலகைக்கு எட்டு மூலை. 'வழிவிடு' பலகை தலைகீழ் முக்கோணம். பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், எழுத்தே அழிந்து போனாலும், உருவத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். இன்னொன்று: அமெரிக்காவில் 1954 வரை 'நில்' பலகை மஞ்சளாகத்தான் இருந்தது! வெயிலிலும் மழையிலும் வெளுக்காத சிவப்புச் சாயம் அதற்கு முன் கிடைக்கவில்லை.

சரி, கேள்வித்தாள் அவ்வளவாகத் தொடாத ஓர் இடத்துக்கு வருகிறேன். எனக்கு மலைப்பே அங்கேதான். லேனுக்குள் நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள்?

ஒரு லேனின் அகலம் பொதுவாக மூன்றரை மீட்டர். பைக்குக்கு ஒரு மீட்டர்கூட வேண்டாம். அப்படியென்றால் கார்க்காரருக்கு ஒரே பாதையாக இருக்கும் அதே லேன், பைக் ஓட்டுகிறவருக்கு மூன்று பாதை: இடது, நடு, வலது! ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. இடது பக்கம் மண்ணும் சரளையும் ஒதுங்கும், நாய் குறுக்கே வரும், நிற்கிற காரின் கதவு பட்டென்று திறக்கும். நடுப் பகுதி பார்க்கப் பத்திரமாகத் தெரியும்; ஆனால் சிக்னல் அருகே போய்க் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நிற்கிற வண்டிகளிலிருந்து சொட்டும் ஆயிலெல்லாம் விழுவது சக்கரத் தடத்தில் அல்ல, சரியாக அந்த நடுவில்தான்! மழை தொடங்கும் முதல் சில நிமிடங்களில் அந்த ஆயில் தண்ணீரோடு சேர்ந்து மிதந்து சோப்பு மாதிரி வழுக்கும். நன்றாகக் கொட்டித் தீர்த்த பிறகு இருக்கும் சாலையைவிடத் தூறல் விழும் சாலை மோசம் என்பது இதனால்தான். வலது பக்கம் போனால் முன்னே போகும் காரின் கண்ணாடியில் நன்றாகத் தெரிவீர்கள், தூரம் வரை உங்களுக்கும் பார்வை கிடைக்கும். ஆனால் எதிரே முந்திக்கொண்டு வரும் பஸ்ஸுக்கும் நீங்கள்தான் முதல் ஆள்.

அப்போது எதில் போவது? ஒரே பதில் கிடையாது, அதுதான் அழகு! இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டுகிறதா, லேனின் வலது பகுதிக்கு நகருங்கள். அவருக்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளி கூடும், அவர் கண்ணிலும் முன்னதாகப் படுவீர்கள். எதிரே வரும் கார் உங்கள் குறுக்கே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறதா, இடது பகுதிக்கு ஒதுங்குங்கள். இடப்பக்கம் வளையும் திருப்பத்துக்கு முன் லேனின் வலது பகுதியில் இருந்தால் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். வலப்பக்கம் வளைந்தால் இடது பகுதி. வளைவில் எதிர் லாரி கோட்டைத் தாண்டி வெட்டி வந்தால் மட்டும் பார்வையை மறந்து இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். இடதுபுறம் செல்க என்று சட்டம் சொல்வதைத் தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு போவது என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அப்படிப் போனால் ஒரு குழி வந்தால்கூடத் தப்பிக்க ஒரு பக்கம்தான் மிஞ்சும்.

லாரிக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டவே வேண்டாம். லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரிக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? அப்படியானால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

"பார்த்தேன், ஆனா பைக் தெரியலையே!" விபத்துக்குப் பிறகு கார்க்காரர்கள் சொல்லும் இந்த வார்த்தை பல நேரங்களில் பொய்யே இல்லை, தெரியுமா? ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் தொலைவிலிருந்து ஒருவரை நோக்கி நேராக வருகிறீர்கள். அவர் கண்ணில் உங்கள் உருவம் இரண்டு மடங்காக 3 நொடி ஆகும். அடுத்த இரட்டிப்புக்கு ஒன்றரை நொடி. அதற்கடுத்ததற்கு முக்கால் நொடிதான்! அதாவது நெடுநேரம் ஒரு சின்னப் புள்ளி அசையாமல் நிற்பது போலத் தெரியும். திடீரென்று பூதாகாரமாக முன்னே நிற்கும். சின்ன உருவம் வந்து சேர நேரமாகும் என்று மூளை கணக்குப் போடுவதும் சோதனைகளில் தெரிந்த விஷயம். அதே தூரத்தில் அதே வேகத்தில் வரும் லாரியைக் கண்டு காத்திருப்பவர், பைக்கைக் கண்டால் நுழைந்துவிடுகிறார்.

இன்னும் கேளுங்கள். சந்திப்பில் நின்று இடமும் வலமும் வெடுக்கென்று பார்க்கிறோமே, அப்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. தாவுகிற அந்த நேரத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது! போதாததற்குக் காரின் முன்கண்ணாடி ஓரத் தூண் ஒரு முழு பைக்கையே மறைக்கும். இவ்வளவு திரைகளுக்குப் பின்னால்தான் நாம் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் லேனுக்குள் இடம் மாறுவது இவ்வளவு பெரிய விஷயம். ஒரே கோட்டில் வரும் புள்ளி கண்ணுக்குப் பின்னணியோடு ஒட்டிப் போகிறது. பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தாலே பிரிந்து தெரிகிறது.

இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900-க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை அவரது குழு நேரிலேயே போய்ப் பார்த்தது. 1981-ல் வந்த அறிக்கை சொன்னது: இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய அந்த இன்னொரு வண்டிதான் வழிவிடவில்லை. பைக் ஓட்டியவருக்கு எதையாவது செய்து தப்பிக்கக் கிடைத்த நேரம்? இரண்டு நொடிக்கும் குறைவு! விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதத்தினர் தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நம் ஊரில் மாமாவும் அண்ணனும் கற்றுக்கொடுப்பதுதான் வழக்கம் என்பதால் அந்த எண்ணை நான் இரண்டு முறை படித்தேன். இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

உங்கள் புது வண்டியில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே இல்லையே, ஏன்? எதிரே வருகிறவர் "லைட் எரியுது" என்று கையை விரித்து மூடிக் காட்டுவாரே! 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். உங்களுக்கு வழி தெரிவதற்காக அல்ல, பட்டப்பகலில் நீங்கள் தெரிவதற்காக.

ஹெல்மெட்டின் கதை வேறு மாதிரி. 1935 மே மாதம், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கில் வந்தபோது, சைக்கிளில் போன இரண்டு சிறுவர்களைத் தவிர்க்கத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46 வயதில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை தந்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நம் சட்டத்தில் நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் அப்பாக்களே, தயவுசெய்து!

கடைசியாக ஒரு மாயம். பைக்கை வலப்பக்கம் திருப்ப ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் தள்ளுவீர்கள்? நல்ல வேகத்தில் போகும்போது வலது கைப்பிடியை முன்னே தள்ளினால்தான், அதாவது ஒரு கணம் இடப்பக்கம் திருப்பினால்தான், வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும்! விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட் சைக்கிள் கடைக்காரர். அவர் பலரிடம் சைக்கிளை எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தாங்கள் செய்வதைச் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கை செய்கிறது, தலைக்குத் தெரியவில்லை.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டும் தேர்வில் இந்த வித்தை உதவாது. அங்கே வேகம் நடை வேகம். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, கண்ணை மட்டும் அடுத்த வளைவுக்கு அனுப்ப வேண்டும். எல்.எல்.ஆர். கையில் வந்து 30 நாள் ஆன பிறகே அந்தத் தேர்வு. அண்ணன் மகளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, எல் போர்டு ஒட்டிய வண்டியில், அண்ணன் பக்கத்தில் நிற்க, முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மூன்று முறை காலை ஊன்றினாள். "அந்த வேப்ப மரத்தைப் பாரு, அப்புறம் என்னைப் பாரு" என்றேன். நாலாவது முறை எட்டு முழுசாக வந்தது. "அத்தை, வண்டி தானா திரும்புது!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.