டியூஷனுக்கும் தெலுக் பாஹாங் ஏற்றத்துக்கும் ஒரே சைக்கிள்

ஜார்ஜ்டவுன், லெபோ ஆர்மேனியன் சுவரில் சைக்கிளில் போகும் அக்காளையும் தம்பியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எர்னெஸ்ட் சக்காரெவிச் என்ற ஓவியர் 2012-இல் வரைந்தது. பிள்ளைகள் வெறும் சாயம்தான், ஆனால் சைக்கிள் நிஜமானது. அந்தச் சைக்கிள் எங்கும் போக வேண்டியதில்லை. உங்களுடையது போக வேண்டும்.

உங்கள் வீடு லிட்டில் இந்தியாவில், லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் பள்ளி, இரண்டு மாலை டியூஷன். எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள். ஆனால் ஆண்டு இறுதி விடுமுறையில் நண்பர்களோடு தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசை. பத்து ஃபெரிங்கி, தெலுக் பாஹாங், பாலிக் பூலாவ், பாயான் லெப்பாஸ் வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அப்பா வாங்கித் தரப்போவது ஒரே ஒரு சைக்கிள். எதை வாங்குவது?

கடையில் முதலில் கண்ணை இழுப்பது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள். நானும் பதினைந்து வயதில் அதில்தான் ஏமாந்தேன். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழும். முன்னால் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு அதில் வீணாகும். கேரியர் பொருத்த இடமே இல்லை. புத்தகப்பை முதுகில், சட்டை முழுக்க வியர்வை. முதல் மேட்டிலேயே இறங்கித் தள்ளினேன்.

மேட்டில் உங்களைக் காப்பாற்றுவது பற்சக்கரங்கள்தான். சைக்கிளில் எத்தனை கியர் என்று எல்லாரும் கேட்பார்கள். 21 என்று சொல்லிக் கடைக்காரர் பெருமைப்படுவார். நீங்கள் எண்ண வேண்டியது பற்களை. மிதியோடு சேர்ந்த முன்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 16 பற்கள் என்றால், 44-ஐ 16-ஆல் வகுத்துக் கிடைக்கும் 2.75 தான் விகிதம். நீங்கள் ஒரு முறை மிதித்தால் பின் டயர் 2.75 முறை சுற்றும். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு 5.9 மீட்டர். வினாடிக்கு ஒரு சுற்று மிதித்தால் மணிக்கு 21 கிலோமீட்டர். சமதரையான நகரத்துக்கு அருமை.

அதே கியரில் தெலுக் பாஹாங் அணைக்கட்டைத் தாண்டி பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் ஏறிப் பாருங்கள். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 75 கிலோ என்போம். நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஒரு சரிவு. அந்த வேகத்தில் ஏற, புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே ஏறக்குறைய 350 வாட் திறன் வேண்டும். அதைத் தொடர்ந்து தர, பயிற்சி பெற்ற பந்தய வீரராக இருக்க வேண்டும். இப்போது முன்னால் 28, பின்னால் 34 பற்கள் உள்ள சங்கிலி வரிசைக்கு மாறுங்கள். விகிதம் 0.82. ஒரு மிதிக்கு 1.77 மீட்டர்தான் நகர்வீர்கள். வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், ஆனால் தேவைப்படும் திறன் 105 வாட். மூச்சு வாங்கும், ஆனால் இறங்க வேண்டியிராது. மலை அதேதான், செய்யும் வேலையும் அதேதான். கூடுதல் நேரத்தில் பரப்பிச் செய்கிறீர்கள், அவ்வளவே.

எனவே கடையில் இரண்டையும் எண்ணுங்கள்: முன்னால் மிகச் சிறியது, பின்னால் மிகப் பெரியது. விகிதம் 1-க்குக் கீழே வந்தால் அந்தச் சைக்கிள் மலை ஏறும். பந்தயச் சைக்கிள்கள் பல இதில் தோற்கும்.

அடுத்து டயர். பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். அந்த டயர் உலகம் முழுக்க உருள, மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் கைகளும் காரணம். சரி, எந்த டயர்? பின் சக்கரத்தின் மேல் 45 கிலோ எடை. டயரில் 4 பார் அழுத்தம், கடைக்காரர் கணக்கில் சுமார் 60 பி.எஸ்.ஐ. ஒரு சதுர செ.மீ. ரப்பர் ஏறக்குறைய 4 கிலோவைத் தாங்கும். 45-ஐ 4-ஆல் வகுத்தால் 11 சதுர செ.மீ. தரையைத் தொடுவது அவ்வளவுதான், ஒரு பெரிய அஞ்சல்தலை அளவு! அகலமான டயரில் அழுத்தத்தைக் குறைக்கலாம், பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும். 25 மி.மீ. பந்தய டயர் கால்வாய் மூடியின் இடுக்கில் விழுந்துவிடக்கூடும். 50 மி.மீ. மலை டயரோ, கட்டை கட்டையான பற்களோடு தார்ச்சாலையில் முனகும். 35 முதல் 40 மி.மீ., வழவழப்பான மேற்பரப்பு. இதுதான் என் தேர்வு.

சக்கரத்தின் அளவு எங்கும் கிடைப்பதாக இருக்கட்டும். 1941 டிசம்பர் 8-இல் வடக்கே தரையிறங்கிய ஜப்பானியப் படை 55 நாள்களில் ஜொகூர் பாருவை அடைந்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் வந்தது சைக்கிளில். போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயா முழுக்க விற்பனையானதால், மாற்றுப் பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைத்தன. வெயிலில் டயர்கள் பழுதானபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இருட்டில் அந்தக் கடகட ஓசையைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிரணியினர் எண்ணியதாகப் போர்க் குறிப்புகள் சொல்கின்றன. பயங்கரமான காலம் அது. ஆனாலும் பாகங்கள் பற்றிய அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். 700 சி அல்லது 26 அங்குலம் என்றால் சின்ன ஊர்க் கடையிலும் டியூப் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பினாங்கு மழையை மறந்து பிரேக் வாங்காதீர்கள். ரிம்மைக் கவ்வும் பிரேக்கில், நனைந்த ரிம்மின் நீரைக் கட்டை துடைத்தெடுத்த பிறகுதான் பிடி விழும். பிடி பாதியானால் நிற்கும் தூரம் இரட்டிப்பாகும். இறக்கத்தில் வேகம் 20-இலிருந்து 40 ஆனால், இயக்க ஆற்றல் நான்கு மடங்காவதால் நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவே, தெறிக்கும் சேற்றுக்கு எட்டத்தில் இருப்பதால் மழையில் நம்பகமானது. கம்பியால் இயங்கும் எளிய டிஸ்க் போதும், நீங்களே இறுக்கிக்கொள்ளலாம். பணம் போதாவிட்டால், நல்ல கட்டைகளோடு ரிம் பிரேக் தவறில்லை. மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இரும்பா அலுமினியமா என்று அதிகம் குழம்ப வேண்டாம். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், அவ்வப்போது துடைத்து எண்ணெய் போட்டால் பல்லாண்டு உழைக்கும். அதைவிட முக்கியம், பின்சக்கர அச்சுக்கு அருகே கேரியரும் மட்கார்டும் திருக ஓட்டைகள் இருக்கின்றனவா என்பது. பையைக் கேரியரின் பக்கவாட்டில் தாழத் தொங்கவிட்டால் ஈர்ப்பு மையம் கீழிறங்கும், வண்டி தள்ளாடாது, முதுகும் காயும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அளவு? இருக்கையில் அமர்ந்து, மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். நீங்கள் இன்னும் வளர்வீர்கள், ஆகவே இருக்கைத் தண்டை உயர்த்த இடம் மிச்சமிருக்கட்டும். தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அதற்குமேல் இழுக்கக் கூடாது.

பெருநிலத்துக்குப் போக நினைத்தால், பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் கடைசியாக ஒன்று செய்யுங்கள். வண்டியை ஒரு கையளவு தூக்கித் தரையில் விடுங்கள். டயர் துள்ளும் சத்தம் மட்டும் கேட்டால் சரி. கலகலவென்று ஏதாவது ஆடினால், எது ஆடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு விலையைப் பேசுங்கள்.