மாத்திரையை மறைக்கிற வீடு

கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம். உள்ளே, பேப்பரில் மடித்த வலிப்பு மாத்திரைகள். மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெண் எனக்குத் திறந்து காட்டினார். கல்யாணமாகி நான்கு வருடம். மாமியார் கோயிலுக்குக் கிளம்பிய பிறகுதான் விழுங்குவார். “வீட்ல விருந்தாளிங்க இருந்தா, அன்னிக்கு மாத்திரை கிடையாதுங்க” என்றார், குரலைத் தாழ்த்தி.

என்னை உலுக்கியது அந்த ‘கிடையாது’தான். விட்டுப்போன மாத்திரை அடுத்த வலிப்பை அழைத்து வரலாம். கை கால் இழுப்பு பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால், வருடக்கணக்கில் கட்டுப்படாமல் வந்துகொண்டே இருந்தால், மூளை அதற்கு விலை கொடுக்கிறது. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ்தான் புதிய நினைவுகளைப் பதியவைக்கிறது. நாள்பட்ட வலிப்பு உள்ள பலருக்கு அது சுருங்கித் தழும்பேறியிருப்பது ஸ்கேனில் தெரியும். அந்தப் பகுதியின் அருமையை உலகுக்கு உணர்த்தியவரும் ஒரு வலிப்பு நோயாளியே. அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்கு வலிப்பை நிறுத்துவதற்காக 1953-ல் இரு பக்கமும் அந்தப் பகுதியில் கணிசமான பங்கை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை, புதிதாகப் பார்த்த முகம் ஏறக்குறைய எதுவும் அவர் மனதில் தங்கவில்லை.

மறதி, மனச்சோர்வு, பதற்றம், சட்டென்று வரும் எரிச்சல் எல்லாம் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியவை. வீட்டில் அதற்கு ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். மாத்திரைதான் ஆளை மந்தமாக்குகிறது என்பவர்களும் உண்டு. சில மருந்துகள் அப்படிச் செய்வது உண்மை. அதை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நாமாக நிறுத்தக் கூடாது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் 100-ல் 70 பேர்வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிப்பு திருமணத்துக்குத் தடை என்றிருந்த விதியை 1999-லேயே இந்தியச் சட்டம் நீக்கிவிட்டது. நம் வீடுகள்தான் இன்னும் நீக்கவில்லை. பெண் பார்க்கும்போது மறைக்கச் சொல்கிறோம். மறைத்த மாத்திரை ஒரு நாள் மறந்த மாத்திரையாகிவிடுகிறது.

அந்த வீட்டில் மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் பி.பி. மாத்திரையும் டி.வி. பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. மாமியார்களே, மாப்பிள்ளைகளே, மருமகளின் மாத்திரைக்கும் அங்கே ஓர் இடம் கொடுங்கள்.