பூங்காவுக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்லும்போது

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேரை வரிசையாக நடத்தி, பள்ளிக்கு அருகிலிருந்த பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மணி பதினொன்று. கதவில் பூட்டு தொங்கியது. நடைப்பயிற்சிக்கு வருவோருக்காகக் காலையிலும் மாலையிலும் மட்டும் திறப்பார்கள் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். கொண்டுபோன புளியோதரையைத் திரும்பிவந்து பள்ளி வராண்டாவில் சாப்பிட்டோம். முன்னதாக ஒருமுறை போய்ப் பார்க்காதது என் தவறுதான்.

அந்த ஏமாற்றம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் பள்ளிக்கு மைதானம் இல்லை. பலருக்கு வீடு என்பது ஓர் அறை, வாசல் என்பது ஆட்டோக்கள் திரும்பும் சந்து. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்கள் எங்கே போய் ஓடுவார்கள்?

சென்னையில் இருப்பவர்களுக்குத் தேர்வு செய்ய இடங்கள் உண்டு. கிண்டி தேசியப் பூங்கா 1978இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் காடு, நகரத்துக்குள்ளேயே. அதையொட்டிய சிறுவர் பூங்கா தொடக்க வகுப்புகளுக்கு ஏற்றது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா, தாவரவியல் பாடத்துக்கு உதவும். அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, ஈரநிலம் என்றால் என்ன என்று ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் காட்டத் தகுந்தது. அனுமதி, விடுமுறை நாள் இரண்டையும் கேட்டறிந்த பிறகே தேதி குறியுங்கள். ஆனாலும் முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது நடந்தே போகக்கூடிய பக்கத்துப் பூங்காவைத்தான். பேருந்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் மரத்தடியில் இருக்க நேரமே மிஞ்சாது.

முன்னதாகப் போகும்போது, வகுப்பு போகவிருக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் குளுகுளுவென்று இருக்கும் புல்வெளி பன்னிரண்டு மணிக்குக் கொதிக்கும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இது சரியில்லாவிட்டால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் சுற்றுவார்கள், நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருகிறார்கள்.

இரண்டாம் முறை பூங்கா திறந்திருந்தது, வேறொன்றில் சறுக்கினேன். பதினான்கு கேள்விகள் கொண்ட பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டேன். ஒருவன் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். தலைக்கு மேலே கிளி கத்தியதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு ஒரு பயணத்துக்கு ஒரு வேலைதான்.

தொடக்க வகுப்பு என்றால் கீழே உதிர்ந்த இலைகளில் ஐந்து வகையைச் சேகரித்து ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். தூங்குமூஞ்சி மரம் இருந்தால் மாலையில் இலைகள் மடிவதைக் காட்டலாம். வானம் நன்றாக மேகமூட்டமாக இருந்தாலும் அது மடியும். பெயர்க்காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

உயர்நிலை வகுப்புக்கு மரத்தின் உயரம் காணும் கணக்கு. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அடியிலிருந்து நுனிவரை அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 80 செ.மீ., மரத்தின் நிழல் 12 மீட்டர் என்றால் மரம் 15 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் கரும்பலகையில் புரியாத ஒரு மாணவி, நிழலின் நுனியில் நின்றபோது சட்டென்று பிடித்துக்கொண்டாள். இதற்கு ஆலமரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படர்ந்த மரத்தில் உச்சியின் நிழல் எது என்றே தெரியாது. நெட்டிலிங்கம் போல ஒல்லியாக உயர்ந்த மரம் வேண்டும், தரையும் சமமாக இருக்க வேண்டும். வேலையைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். குச்சி நட்டால் நிழலே விழாது. (அதுவே வேறொரு நல்ல பாடம்.)

சாப்பாடு எவர்சில்வர் டப்பாவிலோ வாழையிலையிலோ வரட்டும். மான்களும் குரங்குகளும் உள்ள இடத்தில் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். சோற்று வாசம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை மான் உறையோடு சேர்த்தே தின்றுவிடும்.

மொத்த நேரத்தில் பாதி விளையாட்டுக்கு. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “பாடம் என்ன ஆவது?” என்று கேட்ட சக ஆசிரியரிடம் நான் வாதாடவில்லை, அடுத்த முறை உடன் வரச் சொன்னேன். அன்று சாப்பிட்ட பிறகு, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் என் அருகில் வந்து, “மிஸ், இன்னும் எவ்ளோ நேரம் இருக்கலாம்?” என்றாள். ஒரு மணி நேரம் என்றேன். செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்வகுப்புகளை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊஞ்சலும் சறுக்குமரமும் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பல பூங்காக்களில் வயது வரம்புப் பலகையே இருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசையாக ஏறும், காவலாளி அதட்டுவார், அத்தோடு முகம் சுண்டிவிடும். காவலாளியிடம் முன்பே பேசி, ஓட ஒரு திறந்த மூலையைக் கேட்டுவையுங்கள். இரண்டு பந்து, கயிறு இழுக்க ஒரு தடித்த கயிறு, நொண்டிக்குக் கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் பையில் இருக்கட்டும்.